ரேம் போட்டதும் டிஸ்ப்ளே போய்விட்டதா? எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

2025 கடைசியில் ரேம் விலை ஏற ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான். ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் எல்லாம் போய்விடுகிறது, நம்மைப் போல வீட்டில் டெஸ்க்டாப் வைத்து வேலை பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது குறைந்து விலை எகிறுகிறது. அதனால் ஸ்டூடியோ அண்ணன்மார், என்னைப் போல ஆல்பம் டிசைன் செய்யும் பிள்ளைகள் எல்லாரும் "பழைய ரேம் 16 ஜிபி எங்கேயாவது சல்லிசாகக் கிடைக்குமா" என்று தேடுகிறார்கள். கிடைக்கும். ஆனால் வாங்கும் முன் ரேமின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் ஒரே ஒரு எழுத்தைப் பார்க்க வேண்டும். அது தெரியாததால் 2024 ஆவணியில் எனக்குப் பணமும் போச்சு, ஒரு பெரிய ஆர்டரும் போச்சு, தூக்கமும் போச்சு. ஒவ்வொருவருக்கும் போனில் கதை சொல்லி முடியவில்லை என்பதால் முழுசாக எழுதிவிடுகிறேன்.

நான் காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாம் கட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். காரைக்குடி, தேவகோட்டை ஸ்டூடியோக்காரர்கள் ஹார்ட் டிஸ்கில் படங்களைக் கொடுத்தனுப்புவார்கள். இந்தப் பக்கத்துக் கல்யாண ஆல்பம் சாதாரண வேலை கிடையாது. தாலி கட்டும் திருப்பூட்டுதல், கழுத்துரு என்ற கல்யாண நகை, பெரியவர்கள் வரிசையாக நிற்கும் படம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், சீர்ச் சாமான் பரப்பிய படம் ஒன்று வரும் பாருங்கள், அதற்கு மட்டும் இரண்டு பக்கம் முழுசாக வேண்டும் என்பார்கள். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர் என்று பட்டாலைக் கூடம் நிறைய அடுக்கியிருப்பதில் ஒரு குத்துவிளக்கு மங்கலாகத் தெரிந்தாலும் பெண்ணின் ஆத்தாவிடமிருந்து போன் வந்துவிடும். 12-க்கு 36 இஞ்ச் ஷீட்டை 300 டிபிஐயில் வைத்தால் 3 கோடியே 88 லட்சம் பிக்சல். ஒரு லேயருக்கே 110 எம்பிக்கு மேல் போகும். இருபது லேயர் வைத்தால் அந்த ஒரு ஷீட்டே 2 ஜிபியைத் தின்றுவிடும். என்னிடம் இருந்ததோ 8 ஜிபி ரேம். போட்டோஷாப்பும் பிரவுசரும் சேர்ந்து திறந்திருந்தால் மவுஸ் நகர்வதற்குள் வளவு முற்றத்தில் போய் முகம் கழுவிவிட்டு வந்துவிடலாம்.

2018-ல் அசெம்பிள் செய்த மெஷின். எட்டாம் தலைமுறை ஐ5 புராசஸர், எச்310 மதர்போர்டு (இனி போர்டு என்றே சொல்கிறேன்), இரண்டே ரேம் ஸ்லாட், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. போர்டின் கையேட்டில் ஒரு ஸ்லாட்டுக்கு 16 ஜிபி வரை போடலாம், ரேமின் தலைமுறை டிடிஆர்4 என்று தெளிவாக இருந்தது. ஒரு ஸ்லாட் காலி. புது 16 ஜிபி ரேம் அப்போது மூவாயிரத்தைத் தொட்டது. ஆன்லைனில் பழைய சாமான் விற்கும் ஒருவர் "டிடிஆர்4 16 ஜிபி, டெஸ்க்டாப், டெஸ்டட்" என்று போட்டு 1,800 ரூபாய்க்குக் கொடுத்தார். படத்தில் ரேம் பளிச்சென்று இருந்தது. நான் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் கேட்டேன்: டிடிஆர்4 தானா, டெஸ்க்டாப் சைஸ்தானா, நீளமானதுதானா. எல்லாவற்றுக்கும் "ஆமாம் மேடம்" வந்தது. கூரியர் 120 ரூபாயோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பிளக்கை உருவிவிட்டு, சிபியு பெட்டியைப் படுக்கவைத்து, காலி ஸ்லாட்டில் புதிதாக வந்த ரேமை வைத்து அழுத்தினேன். ரேமின் அடியில் இருக்கும் குழி ஸ்லாட்டோடு சரியாகப் பொருந்தியது, கிளிப் 'டக்' என்று மாட்டியது. சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, முன்னால் லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் நோ சிக்னல். கீபோர்டில் நம்லாக் லைட்டைத் தட்டிப் பார்த்தால் அதுவும் எரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து, தானாக மறுபடி சுற்ற ஆரம்பித்தது. அணைவதும் சுற்றுவதுமாக அதே கதை.

இந்த இடத்தில் பதறாமல் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஃபேன் சுற்றுகிறது, ஆனால் நம்லாக் மாறவில்லை என்றால் கம்ப்யூட்டர் விண்டோஸ் பக்கமே போகவில்லை, அதற்கு முந்திய சோதனையிலேயே நிற்கிறது. அதாவது ஹார்ட் டிஸ்கும் உங்கள் ஃபைல்களும் இந்தச் சண்டையில் சம்பந்தப்படவே இல்லை. இது அன்றைக்கே தெரிந்திருந்தால் முதல் ராத்திரி அந்தக் கல்யாணப் படங்களெல்லாம் போயிற்றோ என்று நான் உட்கார்ந்து அழுதிருக்க மாட்டேன். இன்னொன்று, புதிய போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் சிபியு (புராசஸர்), டிரேம் (ரேம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். எது எரிந்தபடி நிற்கிறதோ அங்கேதான் வண்டி மாட்டியிருக்கிறது. என் போர்டில் அது இல்லை. பழைய போர்டில் பீப் சத்தம் வரும், ஆனால் அதற்கு ஒரு குட்டி ஸ்பீக்கர் மாட்டியிருக்க வேண்டும். இப்போதைய கேபினட்டுகளில் அதை வைப்பதே இல்லை. கடையில் பஸர் என்று கேட்டால் சில பத்து ரூபாய்க்குள் கிடைக்கும் அந்தச் சுண்டைக்காய் சாமான், ரேம் தகராறா வேறு எதுவுமா என்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும். எந்த பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது பயாஸ் (விண்டோஸுக்கு முன் போர்டிலேயே ஓடும் புரோகிராம்) செய்யும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் போர்டின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, புதுசு ஒத்துவரவில்லை, கழற்றிவிட்டுப் பழைய 8 ஜிபியை மட்டும் போடுவோம் என்று போட்டேன். அப்போதும் டிஸ்ப்ளே வரவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது இங்கேதான். புதுசு மட்டும் கெட்டது என்றால் புரியும், நேற்றுவரை ஓடிய பழசும் ஓடவில்லை என்றால் போர்டே போய்விட்டது என்றுதானே யாருக்கும் தோன்றும்? ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கிற நேரம். தேவகோட்டையிலிருந்து ஒரு ஆர்டர் ஷீட் பாதியில் நிற்கிறது. ராத்திரியெல்லாம் ஸ்லாட்டை மாற்றிப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தேன்.

இடையில் ஒரு விஷயம், இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்காக. எங்கள் வீட்டு வயரிங் எந்தக் காலத்திலோ போட்டது. மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் சுவரில் இருக்கும், உள்ளே எர்த் வயர் வந்திருக்காது. அதனால் சிபியுவின் இரும்பு உடம்பைத் தொட்டால் லேசாக சுரீர் என்று இருக்கும். அது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் வழியாக வருவது, எர்த் இருந்தால் மண்ணுக்குப் போயிருக்கும். இப்படி இருக்கும் வீட்டில் பிளக் சொருகியபடி ஒருபோதும் உள்ளே கை வைக்காதீர்கள். பிளக்கை உருவி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வடித்து, கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டுப் பிறகு ரேமை எடுங்கள். ரேமை ஓரத்தில் பிடிக்க வேண்டும், கீழே இருக்கும் தங்க நிறப் பட்டைகளில் விரல் படக் கூடாது. நான் பிறகு வீட்டுக்கார ஆச்சியிடம் சொல்லி எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த் இழுத்துக்கொண்டேன். "இந்தப் பொட்டிக்கு இம்புட்டு மரியாதையா" என்று கேட்டார்கள், ஆனால் பாதிச் செலவை அவர்களே கொடுத்தார்கள்.

மறுநாள் சிபியுவைப் போர்வையில் சுற்றிக்கொண்டு டவுன் பஸ்ஸில் காரைக்குடி போனேன். கடை பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த பையன் நான் சொன்னதைப் பாதி கேட்டான். "விட்டுட்டுப் போங்கக்கா, சாயங்காலம் போன் பண்றோம்." சாயங்காலம் போன் வந்தது: எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, ரேம் சேர்த்ததில் லோடு தாங்கவில்லை, புதுசு போட்டால் சரியாகிவிடும், 2,100 ரூபாய். போடுங்கள் என்றேன். அடுத்த நாள் இன்னொரு போன்: எஸ்எம்பிஎஸ் போட்டும் வரவில்லை, மதர்போர்டும் அடிபட்டிருக்கிறது, இந்த மாடல் இப்போது வருவதில்லை, போர்டு, புராசஸர், ரேம் மூன்றும் சேர்த்து மாற்றினால் 18,000 ஆகும். எஸ்எம்பிஎஸ் பணம்? அது ஏற்கெனவே மாட்டியாச்சு, திருப்பி எடுக்க மாட்டோம். செக்கிங் சார்ஜ் 300. கழற்றிய பழைய எஸ்எம்பிஎஸ் எங்கே என்று கேட்டால் "ஸ்க்ராப்ல போட்டாச்சுக்கா."

இப்போது யோசித்தால் எரிச்சலாக வருகிறது. ஒரு டிடிஆர்4 ரேம் எடுக்கும் கரண்ட் மூன்று, நான்கு வாட் அளவுதான். கிராபிக்ஸ் கார்டு கூட இல்லாத என் மெஷினில் அந்த லோடு தாங்காமல் எஸ்எம்பிஎஸ் போகும் என்பது நடக்கிற காரியமா? அணைந்து எழுந்தாலும், ஓடும் நேரத்தில் ஃபேன் ஒரே சீராகச் சுற்றி, லைட் மங்காமல் எரியும்போது முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல் போகவே கூடாது. ரேம் மாற்றிய நிமிஷத்தில் வந்த கோளாறுக்கு ரேம், அதைச் சொருகிய விதம், பயாஸ் அமைப்பு, அழுத்தும்போது அசைந்திருக்கக்கூடிய பவர் கேபிள்கள், இந்த நான்கையும் பார்த்து முடித்த பிறகுதான் மற்ற உறுப்புகள் பக்கம் போக வேண்டும். கடையில் கொடுத்தால் வெட்கப்படாமல் இதைக் கேளுங்கள்: "உங்ககிட்ட இருக்கிற நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி ஓடுதான்னு எனக்குக் காட்டுங்க, ஓடினா வாங்கிக்கிறேன்." டெஸ்ட் செய்ய ஒரு எஸ்எம்பிஎஸ் இல்லாத கடை சர்வீஸ் கடையே இல்லை. கழற்றிய உறுப்பு நம் சொத்து, பில் போடும்போதே அதைக் கையில் வாங்கிவிட வேண்டும். சிமாஸ் கிளியர் (பயாஸ் சேமித்து வைத்த அமைப்பை அழிப்பது) பண்ணினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆளிடம் கடைக்காரர் பேசும் தோரணையே மாறிவிடும்.

18,000 ரூபாய்க்கு என்னிடம் வழி இல்லை. கழுத்துச் செயினை அடகு வைக்கலாமா என்றுகூட ராத்திரி யோசித்தேன். தேவகோட்டை ஸ்டூடியோக்காரருக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னேன், அவர் "பரவாயில்லம்மா" என்றார், ஆனால் மறுநாளே ஹார்ட் டிஸ்கை வாங்கிப் போக ஆள் அனுப்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்கும் பார்ட்டியிடம் தேதி சொல்லியாக வேண்டும். 9,000 ரூபாய் வேலை அது.

காரைக்குடியில் எனக்கு வேலை தரும் இன்னொரு ஸ்டூடியோ அண்ணன்தான் "அந்தக் கடையெல்லாம் எதுக்கு, கல்லுக்கட்டிப் பக்கம் மாடியில ஒருத்தர் பிரிண்டர் சர்வீஸ் பண்றார், அவர்ட்ட காட்டு" என்றார். பெயர்ப்பலகை கூட இல்லாத மாடி அறை. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், கையில் வாட்ச் கட்டாமல், மேஜையில் இரும்புச் சாமான் எதுவும் இல்லாமல் வைத்திருந்தார். நான் கதையைச் சொல்லச் சொல்ல சிபியு பக்கமே திரும்பவில்லை. முடித்ததும் ஒரே கேள்வி: "பழைய ரேம் கொண்டாந்திருக்கியா தங்கச்சி?"

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இது எல்லாமே வீட்டிலேயே செய்யக்கூடியது. ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், முன்பக்க யுஎஸ்பி எல்லாவற்றின் கேபிளையும் கழற்றினார். போர்டு, புராசஸர், பழைய ரேம் ஒன்று, மானிட்டர், இவ்வளவுதான் மிச்சம். போர்டுக்கு வரும் 24 பின் பவர் கனெக்டரையும், புராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பவர் கனெக்டரையும் உருவி மறுபடி கிளிப் விழும்வரை சொருகினார். ரேமை அழுத்தும்போது போர்டு வளைந்து கொடுக்கும், அதில் இந்த இரண்டும் அரை மில்லி தூக்கிக்கொள்ள வாய்ப்புண்டு என்றார். பழைய ரேமின் தங்கப் பட்டைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டார். ஸ்லாட்டின் ஒரு பக்கம் மட்டும்தான் என் போர்டில் கிளிப் அசையும், மறு பக்கம் அசையாத குழி. அசையாத பக்கத்தை முதலில் உட்காரவைத்து, பிறகு அசையும் பக்கத்தை அழுத்த வேண்டும். சத்தம் ஒரு பக்கம் வந்தாலே மாட்டிவிட்டது என்று நினைத்துவிடுவோம், மறுமுனை தூக்கி நிற்கும். பக்கவாட்டில் குனிந்து, ரேமின் கீழ்விளிம்பும் ஸ்லாட்டும் ஒரே கோடாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார்.

அப்புறம் போர்டிலிருந்த வட்ட பேட்டரியை நெம்பி எடுத்தார். சிஆர்2032 என்று போட்டிருக்கும், 3 வோல்ட், பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது. பிளக் உருவியபடி, பேட்டரி இல்லாமல் ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டார். ஆறு வருஷப் பேட்டரி என்பதால் புதுசு ஒன்று போட்டு, பவர் கொடுத்தார். திரை எழுந்தது. எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. போர்டு சாகவில்லை, எஸ்எம்பிஎஸ்ஸும் சாகவில்லை. ஒத்துவராத ரேமோடு மல்லுக்கட்டித் தோற்ற அமைப்பைப் பயாஸ் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்தும் அதையே முயன்றிருக்கிறது. அதனால்தான் பழைய ரேமைப் போட்டும் ஓடவில்லை, கடைக்காரர்கள் அவர்கள் ரேமைப் போட்டுப் பார்த்திருந்தாலும் ஓடியிருக்காது. புது ரேமைக் கழற்றியும் டிஸ்ப்ளே வராவிட்டால் முதல் வேலை இந்த சிமாஸ் கிளியர். பேட்டரிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பின் கொண்ட ஜம்பர் இருக்கும், கையேட்டில் இடம் போட்டிருப்பார்கள், அதை வைத்தும் செய்யலாம். எப்படிச் செய்தாலும் பிளக் சுவரில் இருக்கக் கூடாது.

ஹார்ட் டிஸ்கை மாட்டியதும் அடுத்த அதிர்ச்சி. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், சரியான பூட் டிவைஸைத் தேர்ந்தெடு என்று ஒரு வரி வந்து நின்றது. ஹார்ட் டிஸ்க் போயிற்றா என்று நான் எழுந்தே விட்டேன். "உக்காரு, அது பயாஸ் பழசை மறந்துருச்சு" என்றார். என் விண்டோஸ் பழைய மெஷினிலிருந்து குளோன் செய்தது, லெகசி என்ற பழைய முறையில் பூட் ஆவது. பேட்டரியை எடுத்ததும் பயாஸ் யுஇஎஃப்ஐ என்ற புது முறைக்குத் திரும்பிவிட்டது. உள்ளே போய், பழைய முறையை அனுமதிக்கும் சிஎஸ்எம் என்ற இடத்தை எனேபிள் செய்ததும் விண்டோஸ் வந்தது. தேதியும் பழைய தேதிக்குப் போயிருந்ததால் பிரவுசரில் எந்தத் தளமும் பாதுகாப்பில்லை என்றது, தேதியைச் சரிசெய்ததும் தீர்ந்தது. ஆகவே ரேம் மாற்றுவதற்கு முன்பே, மெஷின் ஓடும்போதே பயாஸுக்குள் போய் பூட், சாட்டா (டிஸ்க் இணைப்பு), சிஎஸ்எம் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும்: டிஸ்க் பிட்லாக்கர் பூட்டோடு இருந்தால் பயாஸ் அழிந்ததும் ரெக்கவரி கீ கேட்க வாய்ப்புண்டு, 48 இலக்கம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். கீ இல்லாவிட்டால் படங்கள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், அதை எந்தக் கடையும் திறக்க முடியாது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் அவர் புது ரேமைக் கையில் எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி லேபிளைப் படித்தார். 16ஜிபி, அடுத்து 2ஆர்எக்ஸ்4 (2Rx4), அடுத்து பிசி4-2133பி (PC4-2133P), ஒரு கோடு, அதற்குப் பின் ஆர் (R) என்ற எழுத்து. "இது சர்வர் ரேம்" என்று மேஜையில் வைத்துவிட்டார். அந்தக் கோட்டுக்குப் பின் வரும் எழுத்துதான் நான் ஆரம்பத்தில் சொன்னது. யு (U) என்று இருந்தால் டெஸ்க்டாப் ரேம். ஆர் என்று இருந்தால் ரெஜிஸ்டர்டு, சர்வருக்கு உள்ளது. டெஸ்க்டாப்பில் புராசஸர் ரேம் சிப்புகளிடம் நேரடியாகவே பேசும். சர்வர் ரேமில் நடுவில் ரெஜிஸ்டர் என்று ஒரு சிப் மேஸ்திரி மாதிரி நின்று உத்தரவை வாங்கிக் கீழே கொடுக்கும். மேஸ்திரியோடு பேசத் தெரியாத என் போர்டு எப்படி எழுந்திருக்கும்? லேபிள் கிழிந்திருந்தால் சிப்புகளை எண்ணுங்கள். சர்வர் ரேமில் பிழை பார்க்கவும் இடம் வேண்டும், 64 பிட்டுக்கு 72 பிட் வைப்பார்கள், ஆகவே சிப் எண்ணிக்கை 9-ன் மடங்காக வரும், 9, 18, 36 என்று. டெஸ்க்டாப் ரேமில் 4, 8, 16 என்று வரும். என்னுடையதில் பக்கத்துக்கு 18, நடுவில் வேறு அளவில் அந்த ரெஜிஸ்டர் சிப்.

பொருந்தாதது ஸ்லாட்டில் எப்படி நுழைந்தது என்று கேட்டேன். டிடிஆர்3 ரேமுக்கு 240 பின், டிடிஆர்4-க்கு 288 பின், குழி இருக்கும் இடமும் வேறு, அதனால் ஒன்றை இன்னொன்றில் போடவே முடியாது. ஆனால் டிடிஆர்4-ல் டெஸ்க்டாப்புக்கும் சர்வருக்கும் பின்னும் 288, குழியும் அதே இடம். சுகமாக நுழையும், ஓடாது. டிடிஆர்5-ல் குழியின் இடத்தையே மாற்றிவிட்டதால் இந்தப் பொறி அங்கே கிடையாது. கம்பெனிகள் பழைய சர்வர்களைக் கழிக்கும்போது இந்த டிடிஆர்4 ரேம்கள் மொத்தமாகச் சந்தைக்கு வருகின்றன, விலை மலிவாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். இன்னும் டிடிஆர்3 மெஷின் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு பொறி: 8 ஜிபி ரேம் பாதி விலையில் கிடைத்தால் 'ஏஎம்டி மட்டும்' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா பாருங்கள், அது இன்டெல் போர்டில் ஓடாது.

விற்றவருக்கு லேபிளைப் படம் எடுத்து அனுப்பினேன். "டிடிஆர்4 தான் மேடம், நல்லா ஒர்க் ஆகுறதுதான் அனுப்பினோம்" என்று பதில். சர்வரில் ஒர்க் ஆகும், சந்தேகமில்லை. பணம் வரவில்லை. பழைய ரேம் வாங்கினால் லேபிள் தெளிவாகத் தெரியும் படம் கேட்டு வாங்குங்கள், "இந்த மாடல் போர்டில் ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்று போர்டின் பெயரைப் போட்டே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ரேமுக்கும் கூரியருக்கும் 1,920, எஸ்எம்பிஎஸ் 2,100, செக்கிங் 300, பஸ்ஸும் ஆட்டோவும் ஐந்நூறுக்கு மேல், போன ஆர்டர் 9,000. கல்லுக்கட்டி அண்ணன் பேட்டரியோடு சேர்த்து வாங்கியது 400. அது மட்டும் மனசு நிறைந்து கொடுத்த பணம்.

பிறகு என் பழைய ரேமின் லேபிளைப் பார்த்து, யு எழுத்துள்ள புது 8 ஜிபி ஒன்றை 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். அது 2666 வேகம், பழசு 2400. இரண்டும் சேர்ந்தால் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும், அதில் கோளாறு இல்லை. இரண்டு ஸ்லாட்டிலும் சமமாக 8, 8 இருந்தால் இரட்டை சேனலில், அதாவது இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி, ஓடும், கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு அது நல்லது. நான்கு ஸ்லாட் போர்டு வைத்திருப்பவர்கள் இரண்டு ரேம் போடும்போது பெரும்பாலும் புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் போட வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் போடக் கூடாது. 3200, 3600 என்று அட்டையில் போட்டிருக்கும் வேகம் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் பயாஸில் போட்டால்தான் வரும், அதைப் போட்டதும் டிஸ்ப்ளே போனால் மறுபடி சிமாஸ் கிளியர்தான். முதல் தடவை புது ரேமோடு ஆன் செய்யும்போது திரை உடனே வராது. போர்டு ரேமை அளந்து பழகும் நேரம் அது, ஓரிரு தடவை தானாக அணைந்து எழலாம், டிடிஆர்5-ல் சில நிமிஷம்கூட ஆகும். அந்த நேரத்தில் பவர் பட்டனைத் தொடாமல் எழுந்து வேறு வேலை பாருங்கள்.

விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 16 ஜிபி, 2400 வேகம், இரண்டில் இரண்டு ஸ்லாட் என்று காட்டியது. அதோடு விடவில்லை. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச சாஃப்ட்வேரை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். சிவப்பில் ஒரு வரி வந்தாலும் அந்த ரேமை வைத்துக்கொள்ளக் கூடாது, ஓடுகிற மாதிரி ஓடி ஃபைலைக் கெடுத்துவிடும். புதுசாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள், பழசென்றால் விற்றவர் கொடுத்த திருப்பும் கெடு முடியும் முன் செய்துவிடுங்கள். எனக்கு காலையில் பிழை பூஜ்யம் என்று வந்தது. போட்டோஷாப்பில் மெமரி அளவை 70 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டு, காரைக்குடி பார்ட்டியின் சாமான் பக்கத்தைத் திறந்து வேலையை ஆரம்பித்தேன்.